காஸ்ஃபோர்த் கற்சிலுவை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேக் டிஸ்ட்ரிக்ட் சுற்றிப் பார்க்க வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் நான் தவறாமல் கூட்டிப்போகும் இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் வடமேற்கு ஓரத்தில், கம்ப்ரியாவின் காஸ்ஃபோர்த் கிராமத்தில், புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் கற்சிலுவைதான் அது. ஏரி, மலை என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் "இந்தக் கல்லுக்கா இவ்வளவு தூரம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அரை மணி நேரம் கழித்துக் கிளம்பலாம் என்றால் மனசு வராமல் சுற்றிச் சுற்றி வருவார்கள். கேள்விகள் மட்டும் எல்லோரிடமிருந்தும் ஒன்றுபோலவே வரும். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

காஸ்ஃபோர்த்துன்னா நியூகாசில் மெட்ரோவுல வர்ற ஸ்டேஷன்தானே?

இல்லை. பெயர் ஒன்று, ஊர் வேறு. நியூகாசிலின் காஸ்ஃபோர்த் கிழக்குக் கரைப் பக்கம் இருக்கும் நகரப் பகுதி. சிலுவை இருப்பது மேற்குக் கரைப் பக்கம், செல்லாஃபீல்ட் அணு நிலையத்துக்கு அருகில் உள்ள சின்னக் கிராமத்தில். வழிகாட்டி ஆப்பில் வெறுமனே "காஸ்ஃபோர்த்" என்று போட்டு நாட்டின் மறுபக்கம் போய் நின்றவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு குடும்பம். "கம்ப்ரியா" என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ரயிலில் வந்தால் சீஸ்கேல் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து சுமார் 4 கிலோமீட்டர்.

எவ்வளவு பழசு? எவ்வளவு உயரம்?

10ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. நம் கணக்கில் சொன்னால் முதலாம் பராந்தக சோழன் ஆண்ட காலம். தஞ்சைப் பெரிய கோயில் எழும்புவதற்கு இரண்டு மூன்று தலைமுறை முந்தியது. உயரம் 4.4 மீட்டர், அதாவது பதினாலரை அடி. சிவப்பு மணற்கல்.

உயரத்தைவிட அதன் ஒல்லிதான் முதலில் கண்ணில் படும். அடியில் உருண்டையாகத் தொடங்கி, மேலே போகப் போக நான்கு பட்டையாக மாறி, உச்சியில் வளையத்துக்குள் பொருந்திய சிறிய சிலுவையாக முடிகிறது. உருண்டைப் பகுதி சதுரமாக மாறும் இடத்துக்குக் கீழே வளையம் வளையமாகக் கோத்த செதுக்கு வேலை இருக்கிறது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் மரப்பட்டை போலவே தெரியும். நார்ஸ் மக்களின் (வைக்கிங் காலத்து ஸ்காண்டிநேவியர்களின்) பழைய கதைகளில் உலகங்களையெல்லாம் தாங்கி நிற்கும் இக்ட்ராசில் என்ற பெருமரத்தை இது நினைவூட்டுவதாகச் சொல்வோர் உண்டு. எனக்கும் முதல் தடவை பார்த்தபோது தூண் என்று தோன்றவில்லை, மரம் என்றுதான் தோன்றியது.

வைக்கிங்குகள் சர்ச்சுகளைக் கொள்ளையடிச்சவங்க இல்லையா? அவங்க எதுக்குச் சிலுவை நட்டாங்க?

கொள்ளையடித்த தலைமுறை வேறு, குடியேறி நிலத்தை உழுத தலைமுறை வேறு. 902இல் டப்ளினிலிருந்து நார்ஸ்காரர்கள் விரட்டப்பட்டார்கள். அதையொட்டிய காலத்தில் அயர்லாந்து, ஐல் ஆஃப் மேன் பக்கமிருந்து பலர் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பேச்சு இன்றும் ஊர்ப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஓடைக்கு பெக், மலைக்கு ஃபெல், காடு திருத்திய நிலத்துக்குத் த்வெய்ட். அதெல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள்.

வந்த இடத்தில் அக்கம்பக்கத்தார் கிறிஸ்தவர்கள். பெண் கொடுத்து, பெண் எடுத்து, ஒரே சந்தையில் வாங்கி விற்று, மெல்ல மெல்ல இவர்களும் அந்த மதத்துக்கு மாறினார்கள். ஆனால் பாட்டி சொன்ன கதையை யாரும் ஒரே நாளில் மறப்பதில்லை. இந்தக் கல் அந்த இடைப்பட்ட காலத்தில் பிறந்தது.

சிலுவைன்னு சொல்றீங்க, ஆனா பாம்பும் ஓநாயும்தானே நிறைய இருக்கு?

உண்மைதான். தண்டில் வெளிப்படையாகக் கிறிஸ்தவக் காட்சி என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. கிழக்கு முகத்தில், கயிறு போன்ற விளிம்புள்ள சட்டத்துக்குள் கை விரித்து நிற்கும் இயேசு. பின்னால் மரச்சிலுவை செதுக்கப்படவில்லை. அவருக்குக் கீழே இருவர்: ஈட்டியோடு லோங்கினஸ் (இயேசுவின் விலாவைக் குத்தியதாகச் சொல்லப்படும் ரோமப் போர்வீரன்), எதிரே பின்னல் தொங்க, நீண்ட ஆடை தரையில் புரள ஒரு பெண். ஆடையும் கூந்தலும் அச்சு அசல் வைக்கிங் பெண்ணுடையவை. ஸ்காண்டிநேவியாவில் கிடைத்த சிறு உலோகப் பதக்கங்களில் இதே சாயலைப் பார்க்கலாம். மகதலா மரியாளாக இருக்கலாம் என்கிறார்கள்.

மற்றவை பெரும்பாலும் ராக்னரோக் காட்சிகள். நார்ஸ் கதைகளில் தெய்வங்களுக்கும் அரக்கர்களுக்கும் கடைசிப் போர் மூண்டு உலகம் அழிகிற நாள் அது. கிழக்கு முகத்திலேயே இயேசுவுக்கு மேலே ஒருவர் ஒரு விலங்கின் வாயைப் பிளக்கிறார். தெய்வங்களின் தலைவரான ஓடினை விழுங்கிய ஃபென்ரிர் என்னும் ஓநாயை அவருடைய மகன் விதார் கொல்லும் காட்சி. கீழ்த்தாடையில் கால், மேல்தாடையில் கை. கதையில் சொன்னது அப்படியே கல்லில் இருக்கிறது. மேற்கு முகத்தில் கொம்பு வைத்திருப்பவர் ஹைம்தால், போர் தொடங்கியதை ஊதி அறிவிக்கும் காவலர். தெற்கிலும் வடக்கிலும் குதிரைவீரர்கள், விலங்குகள், ஒன்றையொன்று கவ்வும் வரிசைகள்.

லோகி இருக்கானாமே? எங்க பார்க்கணும்? பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க.

மேற்கு முகம், சதுரப் பகுதியின் அடிப்பக்கம். பிள்ளைகளின் கண்ணுக்குத்தான் முதலில் அகப்படும். படுத்த நிலையில் ஓர் ஆள், கட்டுண்டு கிடக்கிறான். அவனுக்கு மேலே குனிந்த ஒரு பெண், கையில் கிண்ணம். பக்கத்தில் பாம்பின் தலை.

கதை இதுதான். பால்டர் என்ற நல்ல தெய்வத்தின் சாவுக்குக் காரணமான லோகியைப் பிடித்துக் கட்டிப்போடுகிறார்கள். தலைக்கு மேலே ஒரு பாம்பை மாட்டிவிடுகிறார்கள், விஷம் சொட்டுச் சொட்டாக முகத்தில் விழும்படி. அவன் மனைவி சிகின் விட்டுப் போகாமல் பக்கத்திலேயே இருந்து கிண்ணத்தில் விஷத்தை ஏந்துகிறாள். கிண்ணம் நிறைந்ததும் கொட்டிவிட்டு வரத் திரும்ப வேண்டும் அல்லவா, அந்த நேரத்தில் ஒரு சொட்டு அவன் மேல் விழும். அப்போது அவன் துடிக்கும் துடிப்பில்தான் பூமி அதிர்கிறது என்றார்கள். சினிமாவில் பார்த்த லோகியை எதிர்பார்த்து வந்த என் தங்கை மகன், இதைக் கேட்டதும் "அந்த அத்தைக்குக் கை வலிக்காதா?" என்றான். ஆயிரம் வருடத்துக்கு மேலாக ஏந்திக்கொண்டிருக்கும் கை அது. அன்று முதல் எனக்கும் லோகியைவிட சிகின்தான் முதலில் கண்ணில் படுகிறாள்.

அது லோகிதான்னு எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றாங்க? கல்லுல பேர் எழுதியிருக்கா?

பெயர் மட்டுமல்ல, கல்லில் ஓர் எழுத்துகூட இல்லை. இதே கம்ப்ரியாவின் ப்யூகாசில் சிலுவையில் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் உண்டு. இதில் படம் மட்டும்தான். அதனால்தான் பல காலம் யாருக்கும் பொருள் விளங்கவில்லை. 1880களில் சார்லஸ் அருண்டெல் பார்க்கர் என்ற உள்ளூர் தொல்பொருள் ஆர்வலர் இவை நார்ஸ் கதைக் காட்சிகள் என்று கண்டுகொண்டார். 1896இல் இந்த ஊர்ச் சிலுவைகளைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

அடையாளம் காண உதவியவை ஐஸ்லாந்தில் எழுதிவைத்த கதைகள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கதைகளைத் தொகுத்து எழுதிய ஸ்னோரி ஸ்துர்லுசன் 13ஆம் நூற்றாண்டுக்காரர், எழுதியது 1220 வாக்கில். சிலுவை அதைவிட முந்நூறு வருடம்போல மூத்தது. ஏட்டில் ஏறுவதற்கு அவ்வளவு காலம் முன்பே, கடல் கடந்த ஓர் ஊரில் அதே கதை கல்லில் ஏறிவிட்டது. கட்டுண்ட ஆள், பாம்பு, கிண்ணத்தோடு பெண் என்ற மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து வரும் கதை வேறு இல்லை. மற்ற சில குதிரைவீரர்களுக்கு இந்த அளவு துல்லியமாகப் பெயர் சொல்ல முடியாது. அவர்களுக்கெல்லாம் பெயர் சூட்டும் வழிகாட்டிப் பலகையோ வீடியோவோ பார்த்தால் கொஞ்சம் நிதானித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்ப இது கிறிஸ்தவமா, பழைய மதமா? ரெண்டுங்கெட்டானா?

கிறிஸ்தவம்தான் என்பது என் முடிவு. ஆய்வாளர்களில் பலரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். உச்சியில் சிலுவை, கிழக்கே சிலுவைப்பாடு. பழைய கதைகள் அதற்குத் துணையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ராக்னரோக்கோடு நார்ஸ் கதை முடிந்துவிடுவதில்லை. எல்லாம் அழிந்தபின் கடலிலிருந்து புதிய பூமி பச்சையாக எழும், இறந்த பால்டர் திரும்பி வருவான். சாவு, அழிவு, மறுபடி உயிர். இந்தக் கதையைத் தாலாட்டோடு கேட்டு வளர்ந்தவனுக்கு இயேசுவின் கதையை விளக்க இதைவிடச் சுலபமான வழி என்ன இருக்கிறது?

சிலுவையை ஒரு சுற்று சுற்றினால் இன்னொன்றும் விளங்கும். ஒரு பக்கம் தன் குற்றத்துக்காகக் கட்டுண்டு துடிப்பவன், நேர் எதிர்ப் பக்கம் பிறர் குற்றத்துக்காகப் பாடுபடுகிறவர். இரண்டு பேருக்கும் அருகில் ஒரு பெண். செதுக்கியவர் தெரிந்தேதான் வைத்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன். "ரெண்டுங்கெட்டான்" என்ற சொல்லை அவர் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் நன்றாகத் தெரிந்த ஆள் அவர்.

நம்ம பரங்கிமலைச் சிலுவையும் இதே வகையா?

வகை வேறு. பரங்கிமலையில் இருப்பது பலகைக்கல்லில் புடைப்பாகச் செதுக்கியது. 1547இல் போர்த்துக்கீசியர் தோண்டியபோது கிடைத்து, ஆலயத்துக்குள் பீடத்தில் வைக்கப்பட்டது. சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. காஸ்ஃபோர்த்தில் இருப்பது வெட்டவெளியில் தனியாக நிற்கும் தூண். ஒருவருக்கொருவர் தொடர்பும் இல்லை. ஆனால் அங்கே பாரசீக எழுத்து, இங்கே வைக்கிங் கதை என்று அவரவர் கைவசம் இருந்ததைச் சிலுவையோடு சேர்த்தார்கள் என்ற வகையில் கேள்வி நியாயமானதுதான்.

நேர்ல வந்தா ஒண்ணுமே தெரியலையே! போட்டோவுல நல்லாத் தெரிஞ்சுது.

இது வெளிச்சத்தின் பிரச்சினை. செதுக்கு ஆழமில்லாதது, ஆயிரம் வருட மழை பட்டது. மேகமூட்டத்தில் எல்லாம் தட்டையாகத்தான் தெரியும். வெயில் முகத்துக்கு நேராக அடித்தாலும் பயனில்லை, பக்கவாட்டில் உரசிக்கொண்டு போக வேண்டும். கிழக்கு, மேற்கு முகங்களுக்கு அந்த வெளிச்சம் கிடைப்பது சூரியன் தெற்கே இருக்கும்போது, கோடைக் கடிகாரப்படி பகல் ஒரு மணி வாக்கில். தெற்கு முகத்துக்குக் காலையும் மாலையும். வடக்கு முகம் பெரும்பாலும் நிழல்தான், கோடையின் அதிகாலையிலோ சாயங்கால வெயிலிலோ மட்டும் கொஞ்சம் விழித்துக்கொள்ளும்.

வெயிலே இல்லையென்றால் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை மப்பான நவம்பர் மாதத்தில் அப்படிச் செய்தோம். வெறும் கல்லாக இருந்த இடத்திலிருந்து சிகினின் பின்னல் முதலில் எழுந்தது, அப்புறம் கிண்ணம். மேல்பகுதிக்கு பைனாகுலர் கட்டாயம் வேண்டும். படியில் ஏறி எட்டிப் பார்க்காதீர்கள்.

இவ்வளவு மதிப்புள்ளதை ஏன் மழையில நனைய விட்டிருக்காங்க? உள்ள வெச்சா என்ன?

அப்படிச் செய்த உதாரணமும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம், ஸ்காட்லாந்தின் ரத்வெல் சிலுவை 17ஆம் நூற்றாண்டில் உடைத்துப் போடப்பட்டு, பிறகு ஒட்டவைக்கப்பட்டு, 1887 முதல் ஆலயத்துக்குள் நிற்கிறது. அது ஏற்கெனவே துண்டானது. காஸ்ஃபோர்த் சிலுவை நட்ட இடத்திலேயே, நட்ட பீடத்திலேயே, தலையோடு நிற்கிறது. இந்தக் காலத்துச் சிலுவைகளில் இது மிக அபூர்வம். இவ்வளவு ஒல்லியான மணற்கல்லைப் பெயர்ப்பதே பெரிய ஆபத்து.

மழை அரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் சூரியன் கிழக்கு முகத்தில் உதித்து மேற்கு முகத்தில் மறைவது, சுற்றிலும் மலையும் கடலும் இருப்பது, பார்க்கிறவர் சுற்றி நடப்பது எல்லாம் சேர்ந்துதான் இந்தச் சிலுவை. கூரைக்கு அடியில் வைத்தால் கல் பிழைக்கலாம், இதெல்லாம் போய்விடும்.

லண்டன் மியூசியத்துல இதோட நகல் இருக்காமே? அதைப் பார்த்தாப் போதாதா?

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் 1882இல் எடுத்த வார்ப்பு நகல் இருக்கிறது. வர முடியாதவர்கள் தாராளமாக அதைப் பாருங்கள். அதற்குப் பின் நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் பெய்த மழை அந்த நகலில் இல்லை என்பது அதன் சிறப்பு. கம்ப்ரியாவிலேயே ஆஸ்பாட்ரியா ஊரின் கல்லறைத் தோட்டத்தில் முழு உயரக் கல் நகல் ஒன்றும் உண்டு. 1887இல் அங்கிருந்த பாதிரியார் கால்வர்லி நிறுத்தியது. கூர்மையான கோடுகளைப் பார்க்க அது நல்லது. ஆனால் முதலில் காஸ்ஃபோர்த், பிறகு நகல் என்ற வரிசையில் பாருங்கள்.

"பாதுகாக்கப்பட்ட சின்னம்"னா நம்ம தொல்லியல் துறை நீலப் பலகை மாதிரியா?

நோக்கம் ஒன்று, சட்டம் வேறு. இங்கே 1979ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 20,000 இடங்கள் அதில் உண்டு, இந்தச் சிலுவையும் ஒன்று. பட்டியலில் ஏறியதை இடிப்பது, நகர்த்துவது மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் அமைச்சரின் முன் அனுமதி வேண்டும். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பு ஆலோசனை சொல்லும். தெரிந்தே சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை கிடைக்கலாம். மெட்டல் டிடெக்டரை அந்த இடத்தில் அனுமதியின்றிப் பயன்படுத்துவதே குற்றம்.

இந்தியாவில் மத்திய அரசுப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்று அளந்து வைத்திருக்கிறோம். இங்கே அப்படி ஒரு மீட்டர் கணக்கு இல்லை. பக்கத்தில் கட்டடம் வந்தால் சின்னத்தின் சூழல் கெடுமா என்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் தனியாகப் பார்ப்பார்கள்.

சர்ச் இடம்தானே? சேகரக் கமிட்டி தீர்மானம் போட்டாப் போதாதா?

போதாது. கார்லைல் திருமண்டலத்தின் திருச்சபை நீதிமுறைப்படி கல்லறைத் தோட்டத்தில் செய்யும் வேலைகளுக்கு ஃபாகல்ட்டி என்ற உத்தரவு வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயக் கட்டடங்களுக்கு அரசு அனுமதியில் சில விலக்குகள் உண்டு. அதை வைத்துத்தான் பலர் குழம்புகிறார்கள். மேலே சொன்ன 1979 சட்டத்துக்கு அந்த விலக்கு கிடையாது. ஆக இரண்டு கதவும் திறக்க வேண்டும். ஆயரும் கமிட்டியும் பராமரிப்பவர்கள். கல்லில் கை வைக்கும் அதிகாரம் அவர்களுக்கும் தனியாக இல்லை. நல்ல ஏற்பாடு என்பேன். ஒரு கமிட்டியின் ஒரு நாள் உற்சாகத்தில் என்ன நடக்கும் என்பதைக் கீழே பாருங்கள்.

சிலுவைகளை உடைச்ச காலத்துல இது எப்படித் தப்பிச்சுது?

1643இல் இங்கிலாந்து நாடாளுமன்றமே கல்லறைத் தோட்டச் சிலுவைகளையும் அகற்றச் சொல்லி ஆணையிட்டது. நாடு முழுக்கப் பல ஊர்களில் தலையில்லாத தண்டுகளாகவும் வெறும் பீடங்களாகவும் நிற்பவை அந்தக் கால வெறுப்பின் தழும்புகள். காஸ்ஃபோர்த் ஓரத்து ஊர், தலை பிழைத்தது.

ஆனால் இதே தோட்டத்தில் இன்னொரு சிலுவை இருந்தது. அதை 18ஆம் நூற்றாண்டில் வெட்டிக் குட்டையாக்கி, மேலே சூரியக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். சண்டையும் இல்லை, ஆணையும் இல்லை. உபயோகமாக இருக்கும் என்று நல்லெண்ணத்தோடு செய்தது! அந்தக் கட்டைத் தண்டு இன்றும் அங்கேதான் நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

பாசி படிஞ்சு படம் மறையுது. ஒரு பிரஷ் எடுத்து நானே தேய்ச்சுவிடவா?

வேண்டவே வேண்டாம். கல்லில் ஒட்டியிருக்கும் மரப்பாசி மேல்தோலோடு பின்னிக்கிடக்கிறது. உரித்தால் மணல் மணலாகக் கல்லும் சேர்ந்து வரும், அதோடு அரை மில்லிமீட்டர் சிகினும் போவாள். தண்ணீர் ஊற்றிப் படம் எடுப்பது, சுண்ணாம்புக்கட்டியால் கோடுகளை எடுப்பாக்குவது எல்லாமே இதே கணக்கு.

குருசடியில ஏத்துற மாதிரி ஒரு மெழுகுவத்தி ஏத்தி, மாலை போடலாமா?

இதைக் கேட்டவர் தூத்துக்குடிப் பக்கத்து ஒரு பெரியம்மா. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் புல்லில் நின்றார். அவர் பக்திக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் மணற்கல் மெழுகையும் எண்ணெயையும் உறிஞ்சிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. சூடு பட்டால் பொரியும். ஈர மாலையும் கறை விடும். சற்றுத் தள்ளி நின்று ஜெபம் பண்ணுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். பெரியம்மா அப்படித்தான் செய்தார்.

கல்வெட்டுக்கு எடுக்கிற மாதிரி மைப்படி எடுக்கலாமா?

கூடாது. ஈரத்தாளை அடித்து ஒட்டுவதும் மை ஒற்றுவதும் இந்தத் தேய்ந்த கல் தாங்காது. மேலே பாசி பற்றிச் சொன்ன காரணமேதான். கைப்பேசியில் நாலாபுறமும் நூறு இருநூறு படம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்தால், கல்லைத் தொடாமலே கணினியில் முப்பரிமாண உருவம் கட்டலாம். வெளிச்சத்தைக் கணினியிலேயே திருப்பித் திருப்பிப் பார்க்கவும் முடியும்.

டிக்கெட் உண்டா? வேற என்ன இருக்கு அங்க?

சிலுவையைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆலயத்துக்குள்ளும் போய்ப் பாருங்கள், ஆராதனை நேரத்தில் மட்டும் காத்திருங்கள். உள்ளே வீட்டுக்கூரை வடிவில் முதுகு வளைந்த இரண்டு வைக்கிங் கல்லறை மூடிக்கற்கள் இருக்கின்றன. 1890களில் ஆலயத்தைப் பெரிதாக்கியபோது அடித்தளத்தில் கிடைத்தவை. ஒன்றில் இரண்டு படைகள் எதிரெதிரே நிற்கும். சுவரில் பதித்த இன்னொரு கல்லில் இடி தெய்வமான தோர் படகில் அமர்ந்து, காளைத்தலையைத் தூண்டில் இரையாகக் கோத்து, உலகைச் சுற்றிய பாம்பைப் பிடிக்கப் பார்க்கிறான். லோகியைக் கேட்ட பிள்ளைகளுக்கு இதையும் காட்டிவிடுங்கள்.

ஏதாவது விரிசலோ கிறுக்கலோ பார்த்தா யார்கிட்ட சொல்றது?

படம் எடுங்கள், எந்த முகம், எந்த உயரம், என்ன தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆலயக் கண்காணிப்பாளர்களின் விவரம் அறிவிப்புப் பலகையில் இருக்கும், அவர்களிடம் சொல்லுங்கள். ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கும் எழுதலாம். யாராவது சேதப்படுத்திக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தால் போலீசின் அவசர எண் 999, நடந்து முடிந்த சேதம் என்றால் அவர்களின் சாதாரண எண் 101. உதிர்ந்த துண்டு தரையில் கிடந்தால் எடுத்து பாக்கெட்டில் போடாதீர்கள். கிடந்த இடத்தோடு படம் எடுத்துவிட்டு, ஆள் வரும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.